செங்கண்ணனின் அலகு

மலைக்காட்டில் ஓர் உயர்ந்த மரத்தின் பொந்துக்குள் பொன்னலகி என்ற இருவாச்சிப் பறவை இரண்டு மாதமாக அடைந்து கிடந்தாள். இருவாச்சிகளின் வழக்கம் அது. பெண் பொந்துக்குள் போய், மரநாய் நுழையாதபடி வாசலை எச்சத்தால் பூசி அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் மிச்சம் இருக்கும். முட்டை பொரித்து, குஞ்சு பாதி வளரும்வரை ஆண்தான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும்.

அவள் கணவன் செங்கண்ணன் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. கொட்டும் மழையிலும் வருவான். பெண் குரங்குகள் தங்கள் வீட்டு ஆண்களை அவன் பெயரைச் சொல்லித் திட்டின. "உன் வீட்டுக்காரர் மாதிரி உண்டா?" என்று பக்கத்துக் கிளை மலை அணில் தினமும் சொல்லும். பொன்னலகிக்குப் பெருமை தாங்காது.

ஆனால் கீற்று வழியே அவளுக்குத் தெரிவது அவன் அலகு மட்டும்தான். முன்பெல்லாம் ஒவ்வொரு பழத்தையும் உருட்டி, கனிந்த பக்கம் அவளுக்கு வரும்படி நீட்டுவான். அத்திமரத்தில் நடந்த சண்டையை ஒன்றுவிடாமல் சொல்வான். இப்போது திணித்துவிட்டுப் போகிறான். பேச்சு நின்று பத்து நாளாகிறது. குஞ்சுக்கு இறகு முளைத்த சேதியைச் சொன்னதற்கு, "சரி" என்றான். அவ்வளவுதான்.

ஒரு காலை அவன் நீட்டியதை வாங்கிப் பார்த்தாள். பழமல்ல, முந்தின நாள் அவளே துப்பிய கொட்டை. மரத்தடியில் கிடந்ததைப் பொறுக்கி வந்திருக்கிறான்.

"ஏங்க, நீங்க சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?"

தனக்கு ஒன்றுமில்லை என்று சீறினான். ஆனால் பறந்து போகவில்லை. கிளையிலேயே நின்றான்.

"எதுக்கு வந்தேன்னே மறந்துபோச்சு, புள்ள" என்றான் மெல்ல.

இவன் பறக்கும்போதே விழுந்துவிட்டால் குஞ்சின் கதி? அவள் வெளியே வர இன்னும் பத்து நாள் இருந்தது. அடைகாக்கும்போது உதிர்ந்த அவள் இறகுகள் முழுதாக முளைத்திருக்கவில்லை. இருந்தும் வாசல் பூச்சைக் கொத்தத் தொடங்கினாள்.

"உடைக்காதே! நான் முடியாம உக்காந்துட்டேன்னு காடே சிரிக்கும்."

"காடா உங்களுக்கு ஊட்டுது?"

வெளியே வந்து அவனை முழுதாகப் பார்த்தாள். நெஞ்செலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இந்த உடம்போடா மழையில் பறந்து வந்தான்! உள்ளே குஞ்சு தன் எச்சத்தைக் குழைத்துக் கீற்று மட்டும் விட்டு வாசலைப் பூசிக்கொண்டது. இனி மரநாய் பயமில்லை. பொன்னலகி தட்டுத்தடுமாறிப் பறந்து அத்திப்பழங்கள் கொண்டுவந்தாள். முதல் பழத்தை உருட்டி, கனிந்த பக்கமாகச் செங்கண்ணனுக்கு நீட்டினாள்.

அவன் இரண்டு நாள் தூங்கினான்.

"என்ன, வீட்டுக்காரர் படுத்துட்டாரா?" என்று மலை அணில் கேலி செய்தது.

"படுக்கச் சொன்னதே நான்தான்" என்றாள் பொன்னலகி, பழத்தோடு பறந்துகொண்டே.

மூன்றாம் நாள் காலை செங்கண்ணன் கண் விழித்தான். எழுந்ததும், "அத்திமரத்துல நேத்து யாருக்கும் யாருக்கும் சண்டை?" என்று கேட்டான். அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

ஓயாமல் உழைப்பவரை மெச்சினால் மட்டும் போதாது. அவர் பேச்சு குறைவதையும் வேலை தடுமாறுவதையும் கண்டுகொண்டு, சுமையில் பாதியை வாங்கிக்கொள்வதே அன்பு.