நோன்பு முறிந்த வெள்ளிக்கிழமை

தூத்துக்குடியில் லாரி ஷெட் வைத்திருந்த சந்தியாகுவுக்கு அறுபத்து நாலாம் வயதில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் நடந்தது. பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: "ரொம்ப காலத்துக்குத் திட்டம் போடாதீங்க. கிடைக்கிற நாள்ல நல்லா இருங்க."

சந்தியாகு லாரிகளை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு ரெஜினா சிஸ்டரைத் தேடிப் போனார். கடற்கரைச் சாலையில், இனி வைத்தியம் பார்த்துப் பயனில்லை என்று கைவிடப்பட்டவர்களை வைத்துப் பராமரிக்கும் இல்லம் சிஸ்டருடையது. சந்தியாகுவின் மனைவியும் அங்கேதான் நிம்மதியாகக் கண்ணை மூடினாள். சிஸ்டருக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் கைகட்டி நின்றார்.

"நீங்கதான் எனக்கு வழிகாட்டணும் சிஸ்டர். மிச்சம் இருக்கிறது கொஞ்ச நாள். அதுக்குள்ள ஆண்டவருக்கு உருப்படியா ஏதாவது செஞ்சுட்டுப் போகணும். என்ன செய்யன்னு சொல்லுங்க."

"எனக்கு எப்படித் தெரியும்? அவர்கிட்டயே கேளுங்க."

சந்தியாகு எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. அது தவக்காலம். பதில் கிடைக்கிறவரை இளநீரைத் தவிர வேறெதுவும் தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டு, இல்லத்துச் சிற்றாலயத்தில் முழங்காலிட்டார். சொந்த ஊரில் மாதாவுக்கு ஒரு கெபி கட்டலாமா? பள்ளிக்கூடம்? காட்டுப்பக்கம் மிஷன் வேலைக்குப் போகலாமா? ஒவ்வொன்றாக ஆண்டவர் முன் வைத்துப் பார்த்தார். எதற்கும் உள்ளிருந்து ஒரு 'ம்' வரவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் சிஸ்டர் ஆலய வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, ஒரு கை உதவி வேணும்."

"ஜெபத்துல இருக்கேன் சிஸ்டர்."

"தெரியுது."

சிஸ்டர் நகரவில்லை. சந்தியாகு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு எழுந்தார்.

ஜன்னலோரக் கட்டிலில் சூசையம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மீன் கூடை சுமந்து ஊரெல்லாம் விற்றவள். வயிற்றில் கட்டி. சில நாளாகக் கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

"இப்ப வாயைத் திறந்து ஒண்ணு கேட்டிருக்காங்க," என்றார் சிஸ்டர். "நெத்திலிக் கருவாடும் பழைய சோறும். சமையக்காரம்மா கோயிலுக்கு, சிலுவைப்பாதை ஜெபத்துக்குப் போயிட்டாங்க. என்னால வார்டை விட்டு நகர முடியல."

சந்தியாகுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இவங்களுக்கு உப்பே ஆகாதுன்னு டாக்டர்..."

"டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

சந்தியாகு கட்டிலருகே குனிந்தார். "அம்மா, நான் நோன்புல இருக்கேன். லாரி ஓட்டினவன், அடுப்படிப் பக்கம் போய்ப் பழக்கமும் இல்ல. நாளைக்குச் சமையக்காரம்மா வந்ததும் நல்லாவே வறுத்துத் தரச் சொல்லுதேன்."

சூசையம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்கு நீரு இருப்பீரா?"

சந்தியாகுவின் கை தானாக நெஞ்சுத் தழும்புக்குப் போனது. அப்படியே கடைக்குக் கிளம்பினார்.

முதல் சட்டி தீய்ந்துபோனது. வார்டுக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு ஜன்னல்தான். புகை உள்ளே போனதும் அங்கிருந்து குரல் வந்தது.

"யாருவே அது, கருவாட்டைக் கொளுத்துறது? தலையைக் கிள்ளினீரா?"

"இல்லையே!"

"சுடுதண்ணில அலசினீரா?"

"அதுவும் இல்ல!"

"வெளங்கும்! லாரி ஓட்டின லெச்சணம் இதுதானா?"

பக்கத்துக் கட்டில்களில் சிரிப்பு கிளம்பியது. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தே விட்டாள் சூசையம்மாள். அவள் சொல்லச் சொல்ல இவர் தலை கிள்ளி, அலசி, மிளகாய்த்தூள் பிரட்டி, தீயைக் குறைத்து வறுத்தார். இரண்டாம் சட்டி மொறுமொறுவென்று வந்தது. கிண்ணத்தில் சோற்றைப் பிசைந்து, உரித்த சின்ன வெங்காயத்தோடு கொண்டுபோய் வைத்தார்.

அவள் கை வைக்கவில்லை.

"உம்ம தட்டு எங்க?"

"நான் நோன்பும்மா."

"கட்டினவரு இருந்தவரை அவரோட. அப்புறம் சந்தையில நாலு பேரோட. தனியாத் தின்னு எனக்குப் பழக்கமில்ல. நீரு உட்கார்ந்தா ஒரு வாய் இறங்கும். இல்லன்னா எடுத்துட்டுப் போரும்."

சந்தியாகு சிஸ்டரைப் பார்த்தார். அவர் எதிர்க் கட்டிலில் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

சந்தியாகு இன்னொரு கிண்ணம் எடுத்து வந்தார். முதல் வாய் உள்ளே இறங்கியபோது கண் கலங்கியது. காரம்தான் என்று நினைத்துக்கொண்டார். சூசையம்மாள் ஒவ்வொரு நெத்திலியாகக் கடித்து, கொற்கைப் பக்கம் கூடையோடு மழையில் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னாள். இவர் ஆந்திரா ரோட்டில் லாரி கவிழ்ந்த கதையைச் சொன்னார். அவள் சாப்பிட்டது நாலைந்து வாய்தான். விரலைச் சப்பிவிட்டு, "ஒரு கல்லு உப்பு கூடுதல்தான். இருந்தாலும் நல்லாயிருந்துச்சு," என்றாள். சற்று நேரத்தில் லேசான குறட்டையோடு தூங்கிப்போனாள்.

சந்தியாகு கை கழுவிவிட்டு வராந்தாவுக்கு வந்தார். கடல்காற்று சுகமாக இருந்தது. அவ்வளவு நிறைவாக இருந்ததே அவரை உறுத்தியது. சிஸ்டர் துவைத்த விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். சந்தியாகு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

"நோன்பை முறிச்சுட்டேன் சிஸ்டர்."

"பார்த்தேன்."

"இத்தனை நாளா கேட்டதெல்லாம் வீணாப் போச்சு. இனி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். இருக்கிற கொஞ்ச நாள்ல எனக்கு எங்க நேரம்? ஆண்டவரு ஒரு வார்த்தை பதில் சொல்லியிருந்தா..."

சிஸ்டர் விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டார்.

"மதியம் ஜன்னலோரக் கட்டில்ல இருந்து பசிக்குதுன்னு சொன்னாரே ஐயா. உங்க காதுல விழலையா?"