மணலுக்குத் தண்ணீர் வார்த்த ஞானவடிவு அம்மையார்

தேரிக்காட்டுச் செம்மணல் நடுவே ஆறுதல்புரம் என்றோர் ஊர். அவ்வூர்க் கோயிலை ஒட்டிய பாலர் பள்ளியில் ஆயாவாக இருந்து, முற்றம் பெருக்கி, பிள்ளைகளின் மூக்கைத் துடைத்து, கால் கழுவிவிட்டு ஆண்டவருக்கு ஊழியம் செய்தவர் ஞானவடிவு அம்மையார். அதை ஊழியம் என்று அவரும் சொன்னதில்லை, ஊராரும் சொன்னதில்லை. பிரசங்க பீடத்தில் ஏறி நின்றால்தான் நமக்கெல்லாம் அது ஊழியம். அம்மையாரோ துடைப்பத்தைக் கையில் எடுக்கும்போது ஒரு ஜெபம், கீழே வைக்கும்போது ஒரு ஜெபம் என்று இருந்தார்.

அவர் எழுதப் படிக்க அறியாதவர். டீச்சர் உள்ளே பாட்டுச் சொல்லிக் கொடுத்து ஓய்ந்ததும், பிள்ளைகளை முந்திரிமர நிழலுக்கு அழைத்துப் போவார். குழியானைப் பூச்சி மணலில் குழி பறிப்பதைக் காட்டுவார். எறும்பு இரை இழுத்துப் போவதைக் காட்டி, "இதுக்கும் சோறு போடுதாரு பாத்தியளா நம்ம ஆண்டவரு?" என்பார். ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்கள் வந்தால் ஆளுக்கொரு தேங்காய்ச் சிரட்டையில் மணல் நிரப்பி, ஒரு தட்டாம்பயறு புதைக்கச் சொல்வார்.

"மண்ணுக்குள்ள போனது செத்துப் போவல மக்கா. எழுப்புறது ஆண்டவர் வேலை. தண்ணி ஊத்துறது நம்ம வேலை."

இப்படிச் சொல்ல அவருக்கு ஒரு காரணம் இருந்தது. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன், பிறந்து ஆறாம் நாள் இறந்த தம் மகனை அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்தில் புதைத்திருந்தார். கல் வைக்க வழியில்லை. அந்த வருஷத்து ஆடிக்காற்று மணலை வாரி இறைத்துவிட்டுப் போனபின், மேடு எது, தரை எது என்று தெரியவில்லை. எந்தப் பக்கம் பார்த்து அழுவதென்று தெரியாமல் வீடு திரும்பிய தாய் அவர். விசுவாசம் மட்டுமே அவரிடம் மிஞ்சியது.

ஒரு வருஷம் ஈஸ்டருக்குப் பயறுகளெல்லாம் முளைத்தன. நான்கு வயது பெனிட்டாவின் சிரட்டையில்தான் முதல் முளை. பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை.

வைகாசியில் பெனிட்டாவின் கைக்குழந்தைத் தம்பி காய்ச்சலில் இறந்துபோனான். கேரளத்தில் தச்சு வேலை செய்த தகப்பன் வந்து, மகனைப் புதைத்துவிட்டுத் திரும்பிப் போனார். ஒன்பதாம் நாள் உச்சிவெயிலில் மகளைக் காணாமல் தேடிய தாய் வசந்தசீலி, அவளைக் கல்லறைத் தோட்டத்தில் கண்டாள். கையில் சிரட்டை, சின்ன மேட்டின்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி பண்ணுத?"

"தம்பி இன்னும் முளைக்கலம்மா. தண்ணி பத்தல போல."

வசந்தசீலி மகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே பள்ளிக்கு வந்தாள்.

"ஆயாம்மா, நீங்கதான சொல்லிக் குடுத்திய? ஒண்ணை மண்ணுல வச்சிட்டு நிக்கேன். இருக்கிறதையும் கிறுக்காக்கிட்டியளே!" பிறகு மகள் பக்கம் திரும்பிக் கத்தினாள். "முளைக்காதுட்டி! ஒருநாளும் முளைக்காது!"

பெனிட்டா அழவில்லை. ஆயாவின் முகத்தைத்தான் பார்த்தாள்.

மறுநாளே சபைக் கமிட்டி கூடி அவரை வேலையிலிருந்து நிறுத்தியது. கமிட்டிக்காரர் ஒருவர், "எங்க தாத்தா கல்லறைக்கும் ரெண்டு வாளி ஊத்துங்க ஆயா, எந்திரிச்சு வந்து சொத்தைப் பிரிச்சுக் குடுக்கட்டும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரட்டைகள் குப்பைக்குப் போயின. பெனிட்டாவை வீட்டைவிட்டு வெளியே விடவில்லை; அவள் பேச்சையும் குறைத்துக்கொண்டாள் என்று கேள்வி.

அம்மையார் முழங்காலில் நின்றார். "ஆண்டவரே, நான் பச்சப்பிள்ளைட்ட பொய்யா சொல்லிட்டேன்?" பதில் இல்லை. மறுநாளும் கேட்டார். அதற்கும் இல்லை. இருபத்தெட்டு வருஷமாகத் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டதும் பொய்தானோ என்ற எண்ணம் வந்தபோது, அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார். தண்ணீர் ஊற்றுவது நம் வேலை என்று பிள்ளைக்குச் சொன்னவர் அவர். பிள்ளையால் வர முடியாது. ஆகவே அவர் வந்தார்.

தினமும் வந்தார். ஒன்றும் முளைக்கவில்லை, முளைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவுமில்லை. கல்லறைக்குத் தண்ணி ஊத்துற கிறுக்கி என்று பெயர் வாங்கினார். ஆனி போயிற்று, ஆடி வந்தது. அவர் விசுவாசம் அசையவில்லை என்று சொல்லிவிடுவது எளிது. உள்ளே என்ன நடந்தது என்பது ஆண்டவருக்கும் அவருக்கும்தான் தெரியும். குடத்தை மட்டும் அவர் கீழே வைக்கவில்லை.

ஆடியில் மூன்று நாள் விடாமல் காற்று அடித்தது. நான்காம் நாள் காலை, தகப்பன் தம் கையால் செதுக்கி அனுப்பிய சிறு மரச்சிலுவையோடு வசந்தசீலி வந்தாள். தனியே விட மனமின்றி மகளையும் கூட்டி வந்திருந்தாள். உள்ளே வந்தவள் திகைத்து நின்றாள். கல் வைக்காத குழிகள் ஒன்றையும் காணவில்லை. எங்கும் ஒரே செம்மணல். "எம் பிள்ளை எங்க? ஐயோ, எங்க வச்சோம்?" என்று அங்குமிங்கும் ஓடினாள்.

வேலியோரம் ஒரேயொரு மேடு மட்டும் கலையாமல் இருந்தது. பக்கத்தில் வெறுங்குடத்தோடு ஞானவடிவு அம்மையார் அமர்ந்திருந்தார். இன்னொரு குடம் நிறைந்து நின்றது.

வசந்தசீலி மேட்டின்மேல் கை வைத்தாள். ஈரம். காற்றால் வார முடியாத ஈரம்.

"நீங்களா?"

"பிள்ளை வந்து ஊத்த முடியாதுல்லா. அதான்."

வசந்தசீலி அந்த ஈரமண்ணைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு இருவருமாகச் சிலுவையை ஊன்றினார்கள். பெனிட்டா சிலுவையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஆயாம்மா, தம்பி எப்ப வருவான்?"

"எப்ப வருவான்னு எனக்குத் தெரியாது மக்கா. எங்க கெடக்கான்னு நமக்குத் தெரியும்."

அதைச் சொல்லும்போது அம்மையாரின் கண்கள் அந்த வெட்டவெளி மணலைச் சுற்றி வந்தன. வசந்தசீலி அதைக் கவனித்தாள். ஊரில் யாருக்கும் தெரியாத கதை அல்ல அது.

"ஒங்க பிள்ளை எந்தப் பக்கம் ஆயாம்மா?"

அம்மையார் கையை உயர்த்தினார். எங்கே காட்டுவதென்று தெரியாமல் இறக்கிவிட்டார்.

வசந்தசீலி எழுந்தாள். நிறைகுடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு, கை கையாக அள்ளி, அந்தத் தோட்டம் முழுவதும் தெளித்துக்கொண்டே நடந்தாள். "எங்கயாவது அவன்மேல விழும்லா" என்றாள். பெனிட்டாவும் பின்னாலேயே போய்ச் சின்னக் கையால் தெளித்தாள்.

பள்ளி அவரைத் திரும்ப அழைக்கவில்லை. வானத்திலிருந்து சத்தமும் வரவில்லை. ஆனால் இருபத்தெட்டு வருஷம் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பிள்ளைக்கு அன்று தண்ணீர் கிடைத்தது. ஆண்டவர் தம் அடியாருக்குச் சொன்ன பதில் அதுதான். குடம் சுமந்து காய்த்துப்போன அந்தக் கைகளை நினைக்கும்போதெல்லாம் நம் தலை தானே தாழ்கிறது.