குதிரைக்குப் பத்திரமான கட்டம்

"அந்தப் புள்ளைய இன்னைக்கோட நிறுத்திக்கச் சொல்லிரலாம்னு இருக்கேனுங்க டீச்சர்" என்றார் நாச்சிமுத்து.

தெய்வானை டீச்சர் ஈரத்துணியால் ஒரு யானையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கோபியில் மாவு மில்லுக்கு மேல்மாடியில் சதுரங்க வகுப்பு நடத்தினால் காய்களைத் தினமும் துடைத்துத்தான் ஆகவேண்டும்.

நாச்சிமுத்துவுக்கு வயது ஐம்பத்திரண்டு. மாநில அளவில் ஆடிக் கோப்பை வாங்கியவர். தெய்வானைக்கு முப்பது தாண்டி இரண்டோ மூன்றோ. ஆனால் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போய் முதல் வாரமே ஏழு பிள்ளைகளை அழவைத்த பிறகு, மனிதர் கௌரவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அவளிடம் வந்து சேர்ந்துவிட்டார். பாடம் நடத்துவதில் மூன்று மாதமாக அவள்தான் அவருக்குக் குரு.

"எந்தப் புள்ளைங்ணா?"

"தன்ஷிகா."

"என்ன பண்ணுனா?"

"ஒண்ணுமே பண்றதில்லீங்க. அதுதான் பிரச்சனை. மத்ததெல்லாம் சட்டுனு புடிச்சுக்கிட்டா. ஆனா வெட்டச் சொன்னா மட்டும் வெட்ட மாட்டீங்கறா. ஏன்னு கேட்டா, பாவமுங்க சார்ங்கறா."

"யாரு பாவமா?"

"சிப்பாய் பாவமாம். யானை பாவமாம். நேத்து என்னோட மந்திரியப் பாத்து, அவருக்கு வயசாயிருச்சுங்க சார்ங்கறா."

டீச்சர் யானையை வைத்துவிட்டு மந்திரியை எடுத்துத் துடைத்தாள்.

"வெட்டாம சதுரங்கம் ஏதுங்க? அவங்கம்மா காசும் நேரமும் வீணாகுது. பேசோணும்னு சொல்லி அனுப்பியிருக்கேன். இன்னைக்குக் கூட்டிட்டுப் போக வருவாங்க, பக்குவமாச் சொல்லிப்போடறேன்."

சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கே மனசு கேட்கவில்லை. தினமும் முதல் ஆளாக ஓடிவந்து எல்லாப் பலகைகளிலும் காய் அடுக்கி வைப்பவள் அவள்தான். குதிரைகளை மட்டும் ஒன்றையொன்று பார்க்கும்படித் திருப்பி வைப்பாள். அதைக் கலைக்க அவருக்குக் கை வருவதில்லை.

"நீங்க அவளோட ஒரு ஆட்டம் ஆடுனீங்களா?"

"வெட்டத் தெரியாத புள்ளையோட என்னத்தங்க ஆடறது?"

டீச்சர் மந்திரியைப் பலகையில் வைத்தாள். "அம்மணி, இங்க வா" என்று கூப்பிட்டாள்.

அந்தக் கோடியில் மற்ற பிள்ளைகளோடு காய் அடுக்கிக்கொண்டிருந்த ஐந்து வயதுத் தன்ஷிகா வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

நாச்சிமுத்து ராஜாவுக்கு முன்னாலிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். அவள் தன் குதிரையைத் தாவவிட்டாள். அவர் தன் குதிரையைக் கொண்டுவந்து ராஜாவுக்கு நேர் முன்னே நிறுத்தினார். கோப்பை வாங்கிய கை அப்படி ஆடாது. பிள்ளைதானே என்ற எண்ணம் ஆடியது. அவள் அதே குதிரையை மறுபடி தாவவிட்டாள். அது அவர் பக்கத்துக்கே வந்து நின்றது.

இதுதான் சமயம் என்று ஓரத்திலிருந்து மூன்றாவது சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினார்.

"பாரு சாமி, இப்ப என்ற சிப்பாய் உன்ற குதிரைய வெட்டிப்போடும். நீ வெட்டாட்டி அடுத்தவன் வெட்டுவான். புரியுதா?"

தன்ஷிகாவின் உதடு பிதுங்கியது.

டீச்சர் குனிந்து அவள் காதருகில் கேட்டாள். "குதிரை எங்க போனா யாரும் வெட்ட முடியாது?"

பிதுங்கிய உதடு உள்ளே போனது. ஒரு குட்டி விரல் பலகைமேல் நடக்க ஆரம்பித்தது.

"இங்க போனா ராணி வெட்டிரும். இங்க போனா நடுவால நிக்கற சிப்பாய் வெட்டிரும். இங்க போகோணும்னா நான் ஒரு சிப்பாய வெட்டோணும், வேண்டாம்."

நாச்சிமுத்து விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது வந்த எடம். மறுக்கா போனா அதுக்குச் சலிச்சுப்போகும். இந்த ஓரத்துல நின்னா அதுக்குப் பேச்சுத் துணைக்கு ஆளில்ல." விரல் கடைசிக் கட்டத்தில் நின்றது. "இங்க போனா... ராணி வர முடியாது, முன்னால அவிய சிப்பாயே நிக்குது. மந்திரியும் வர முடியாது, வழியில சார் குதிரையே நிக்குது. இங்க யாரும் வெட்ட மாட்டாங்க."

குதிரையை எடுத்து அங்கே வைத்துவிட்டு, அதன் தலையை ஒருமுறை தடவிக்கொடுத்தாள்.

நாச்சிமுத்து ராஜாவின்மேல் கையை வைத்தார். செக். நகர்த்தலாம் என்று இடப்பக்கம் பார்த்தார், ராணி. வலப்பக்கம் மந்திரி. முன்னால் குதிரையும் இரண்டு சிப்பாய்களும். எல்லாம் அவருடைய ஆட்கள். போக ஒரு கட்டமில்லை. அந்தக் குதிரையை வெட்டவும் ஆளில்லை.

மூன்றே நகர்த்தல்.

சுற்றி நின்ற பிள்ளைகள் எண்ணிப் பார்த்துவிட்டுக் கைதட்டினார்கள். நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. முப்பது வருஷத்தில் எத்தனையோ ஆட்டம் தோற்றிருக்கிறார், ஒன்றிலும் இப்படி வயிறு குலுங்கியதில்லை. அத்தனை சந்தோஷம்.

"நீ ஜெயிச்சுட்ட அம்மணி" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

தன்ஷிகா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு ஒரு கவலை இருந்தது.

"இப்ப ராஜாவ வெட்டோணுங்களா சார்?"

"இல்ல சாமி. ராஜாவ வெட்டறதே இல்ல. அதோட ஆட்டம் முடிஞ்சுரும்."

"யாரையுமே வெட்டலீங்களே சார்."

"ஆமா."

"அப்பறம் எதுக்கு என்னைய தெனமும் வெட்டு வெட்டுன்னீங்க?"

படியேறி வந்த அவள் அம்மா வாசலில் செருப்பை விட்டாள். "ஏனுங் சார், ஏதோ பேசோணும்னு சொன்னீங்களாமா?"

நாச்சிமுத்து பலகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஒரு நிமிசம் இருங்கம்மா. உங்க பொண்ணு ஒண்ணு கேட்டிருக்குது. அதுக்குப் பதில் சொல்லிப்போட்டு வர்றேன்."

தெய்வானை டீச்சர் சுவரோரம் ஒரு பாயை விரித்தாள்.

"நல்லாச் சாஞ்சு உக்காருங்கக்கா. நேரமாகும்."