உதவி இல்லாத தூக்கு

திருப்பூரில் ஒரு கல்யாண மண்டபம். பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாத மல்யுத்தத் தொடருக்கு அன்று முதல் நாள். தொடரை நடத்துபவன் வஜ்ரவேல், சாம்பியனும் அவனேதான். இதற்கு முந்தைய தொடர்களில் பன்னிரண்டு வருஷமாக அவனிடம் தோற்றுக்கொண்டிருந்தவன் எபனேசர்.

இந்த ஆட்டத்தில் யார் ஜெயிப்பது என்று முன்பே பேசிவைத்துவிடுவார்கள். தூக்கப்படுகிறவன் எம்பிக் கொடுத்தால்தான் தூக்குகிறவன் பலசாலியாகத் தெரிவான். அப்படி எம்பி எம்பியே எபனேசரின் முழங்கால்கள் தேய்ந்துபோயிருந்தன.

"இன்னிக்கு உன்னைத் தலைக்கு மேல தூக்குறேன். அத்தனையும் என் பலம்னு ஜனம் நம்பணும். உன் உதவி துளிகூட இருக்கக் கூடாது. இல்லேன்னா உனக்கு இனி ஆட்டமே கிடையாது" என்றான் வஜ்ரவேல்.

"துளிகூட இருக்காதுங்கண்ணா" என்றான் எபனேசர்.

மணி அடித்தது. வஜ்ரவேல் அவன் இடுப்பைப் பிடித்துத் தூக்கினான். எபனேசர் எம்பவில்லை. நூற்றுப்பத்து கிலோவும் நின்ற இடத்திலேயே நின்றது. மூன்று தடவை முக்கிப் பார்த்துவிட்டு, "குதிடா!" என்று வஜ்ரவேல் கத்தியது கடைசி வரிசை வரை கேட்டது.

"உதவி கூடாதுன்னீங்களேண்ணா?"

மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்து முடித்ததும் எழுந்து போய்விட்டது. தொடர் அன்றோடு நின்றது.

உடை மாற்றும் அறையில் எபனேசர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். தன் ஆட்டத்துக்காக வேலூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த சம்சுதீன், பூட்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டான்:

"நீ ஜெயிச்சிட்டே எபனேசரு. இனிமே நாங்கல்லாம் எங்க போய்த் தோக்கிறது?"