பத்தாயிரத்து ஒரு கல் வீரர்கள்

கேளுங்கள் பெரியவர்களே, கேளுங்கள் பிள்ளைகளே! முன்னொரு காலத்தில், ஒரு சொல் சொன்னால் மலையும் நகர்ந்த காலத்தில், முகிலூர் என்றொரு நாடு இருந்தது. அந்நாட்டுப் படையில் பத்தாயிரத்து ஒரு வீரர்கள். அவர்களில் ஒருவன் நன்மாறன். அவன் மனைவி செங்காந்தள், கணக்கில் புலி.

ஒருநாள் படை, சூறைநாதன் என்ற மாயாவியின் பொட்டலை மிதித்துவிட்டது. அவன் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான். அத்தனை பேரும் கல்லானார்கள்.

செங்காந்தள் ஓடினாள். "என் புருஷனைக் கொடு!"

"கொடுக்கிறேன் பெண்ணே. ஓர் எண் சொல். வரிசைக்கு அத்தனை பேராகக் கற்கள் தாமே நிற்கும். ஒருவரும் மிஞ்சாவிட்டால் உயிர் வரும். ஒன்றையும் பத்தாயிரத்து ஒன்றையும் சொல்லக்கூடாது. மாதப் பிறப்பன்று காலை, ஒரே ஒரு எண்தான்!"

இரண்டு என்றாள். கற்கள் கடகடவென்று நகர்ந்தன. ஒருவன் மிஞ்சினான்.

"மிஞ்சிப் போச்சு, திரும்பிப் போ!"

அடுத்த மாதம் மூன்று என்றாள். இருவர் மிஞ்சினார்கள்.

"மிஞ்சிப் போச்சு, திரும்பிப் போ!"

ஐந்து என்றாள். ஒருவன் மிஞ்சினான்.

அவள் யோசித்தாள். இரண்டில் நிரம்பாதது நான்கிலும் ஆறிலும் நிரம்பாது. வரிசையில் நூறு பேருக்கு மேல் நின்றால், வரிசைகள் நூற்றுக்குள் அடங்கிவிடும்; அந்த வரிசைக் கணக்கையே எண்ணாகச் சொல்லிவிடலாம். ஆகவே நூறு வரை பார்த்தால் போதும். ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று மாதாமாதம் ஏறினாள். எழுபத்தொன்று என்ற அன்று அறுபத்தொரு பேர் மிஞ்சினார்கள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மாயாவி குரலைத் தாழ்த்தினான். "பத்தாயிரத்து ஒன்று பகா எண், தாயே. எதற்கும் பிடிகொடுக்காது. வீட்டுக்குப் போ."

கால் ஓய்ந்திருந்தது. மனமும் ஓய்ந்திருந்தது. தன் கணக்கை விட்டுவிட்டு அவன் பேச்சை நம்பினாள்.

வருடங்கள் ஓடின. தலை நரைத்தது. தங்கை மகள் அவளைத் தூரதேசத்துக்கு அழைத்தாள். புறப்படும் முன் கணவனிடம் விடைபெறப் பொட்டலுக்குப் போனாள். அன்று மாதப் பிறப்பு. அவன் தோளில் பாசி படர்ந்திருந்தது. முந்தானையால் துடைத்தாள்.

"இன்னுமா வருகிறாய்?" என்றான் மாயாவி.

"விட்ட இடத்திலிருந்து ஒன்றே ஒன்று. எழுபத்துமூன்று."

கற்கள் நகர்ந்தன. வரிசைக்கு எழுபத்துமூன்று பேர், நூற்று முப்பத்தேழு வரிசைகள். யாரும் மிஞ்சவில்லை! மாயாவி புகையாய்க் கரைந்தான். வீரர்கள் கண் விழித்தார்கள்.

படையோடு புறப்பட்ட நாளில் இருந்த அதே இளமையோடு நன்மாறன் அவளிடம் வந்து கைகூப்பினான். "அம்மா, முகிலூர்ப் பக்கமா நீங்கள்? என் மனைவி செங்காந்தளைத் தெரியுமா? பயந்துபோயிருப்பாள்."

"நான்தாங்க" என்றாள் அவள்.

அந்தக் குரல் அவனுக்குத் தெரியும். மண்டியிட்டு அவள் கைகளைப் பிடித்துக்கொண்டான்.

"அன்றைக்கு இன்னும் ஒரு மாதம் வந்திருந்தால் போதும்" என்றாள். "நான் வரவில்லை."

அரசன் முத்தும் பல்லக்கும் அனுப்பினான். நாடே அவளைக் கொண்டாடியது. இருவரும் நெடுங்காலம் வாழ்ந்தார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். சில மழைக்காலங்கள் சேர்ந்து வாழ்ந்தார்கள். அவன் ஒருநாளும் அவளைக் குறை சொல்லவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.