கருப்பட்டிக்குப் பல் விளக்கிய கதை

"அம்மா, கருப்பட்டி வாயத் தெறக்க மாட்டேங்கு."

குற்றாலலிங்கம் இப்படிச் சொன்னபோது மடத்துக் கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு முன்னால் கேட்டவர், உயிர் உடம்பை விட்டபின் எங்கே போகிறது என்று கேட்டிருந்தார். அவருக்கும் முன்னால் ஒருவர் மாயையைப் பற்றி. அந்த வரிசையில் ஒரு நாயின் வாய் வந்து நின்றதும் இரண்டு பேர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பாகம்பிரியாள் அம்மை சிரிக்கவில்லை. மற்ற கேள்விகளுக்குத் தூணில் சாய்ந்தபடியே பதில் சொன்னவர், இதற்கு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எதுக்குத் தெறக்கணும்?"

"பல்லு வெளக்கணும்மா."

மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்னச் சைவ மடத்துக்கு அம்மைதான் தலைவி. வயது நாற்பதைத் தாண்டவில்லை. சீடர் குற்றாலலிங்கத்துக்கோ அறுபது முடிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தவர். அவர் விசில் ஊதினால் மைதானத்தில் காக்காய்கூட வரிசையாகத்தான் உட்காரும் என்பார்கள்.

கல்யாணம் காட்சி எதுவும் அவருக்கு இல்லை. வீட்டைத் தங்கை பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் விட்டு மடத்துக்கு வந்தார். அவர் எல்லாவற்றையும் விட்டார். கருப்பட்டி அவரை விடவில்லை. பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓடி வந்து, நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு மடத்து வாசலில் விழுந்தது.

துறவிக்கு நாய் எதற்கு என்று யாரோ கேட்டார்கள்.

"அவரு துறந்துட்டாரு. அது இன்னும் துறக்கல போலிருக்கு. இருக்கட்டும்" என்று அம்மை சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அது அவருடைய பாயை ஒட்டித்தான் படுக்கும்.

"கையில என்ன கட்டு, வாத்தியாரய்யா?"

"கடிச்சிட்டும்மா."

"கருப்பட்டியா? அது பூனைக்கே வழிவிடுமே."

குற்றாலலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொன்னதை அவர் அப்படியே ஒப்பித்தார். நாய்க்கு ஈறு வீங்கிப் புண்ணாகியிருக்கிறது. தினமும் பல் விளக்கிவிட்டால் ஆறிவிடும். ஆறாவிட்டால் மயக்க மருந்து கொடுத்துப் பல்லைப் பிடுங்கவேண்டும். ஆனால் அதற்கு வயதாகிவிட்டது, இதயமும் பலவீனம். மயக்கம் போட்டால் எழுந்திருக்குமா என்று உறுதி சொல்ல முடியாது. பங்குனி உத்திரம் கழித்துக் கூட்டி வாருங்கள், பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

அவர் சொல்லி முடிப்பதற்குள், துண்டால் பொத்திச் சிரித்தவர்கள் துண்டை எடுத்துவிட்டார்கள்.

"எதை வச்சு வெளக்குனீங்க?"

"பல்பொடி வச்சு."

"நம்ம பல்பொடியா? அந்தச் செவப்புப் பொடியா?"

"ஆமா."

"அது எனக்கே எரியும். டாக்டரு ஒண்ணும் குடுக்கலையா?"

குற்றாலலிங்கம் அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு கிட்டே நகர்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு பசை குடுத்தாரு. நாய்க்குன்னே உள்ளது. அதுல கோழி வாசம் அடிக்கும்மா. சைவ மடத்துக்குள்ள எப்படிக் கொண்டாரதுன்னு மதிலுக்கு வெளிய ஒளிச்சு வச்சிருக்கேன்."

அம்மை அவரையே பார்த்தார்.

"தீட்சை வாங்குனது நீங்களா, கருப்பட்டியா?"

இந்த முறை கூடமே சிரித்தது. குற்றாலலிங்கமும் அசடு வழியச் சிரித்துவிட்டு, மதில் பக்கம் ஓடினார்.

*

பசை வந்தது. பல் விளங்கவில்லை.

கருப்பட்டிக்குக் கோழி வாசம் பிடிக்காமல் இல்லை. பிடித்தது. ஆனால் அந்த வாசத்துக்குப் பின்னால் பிரஷ் வரும், பிரஷுக்குப் பின்னால் மாஸ்டரின் இரண்டு முழங்கால்களும் வந்து இடுப்பை நெருக்கும் என்பது அதற்குத் தெரிந்துபோயிற்று.

"கருப்பட்டி, வாடா என் ராசா" என்று அவர் தேனாகக் கூப்பிடுவார். வந்ததும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். தாடையை அமுக்கிக்கொண்டு, பழக்கதோஷத்தில், "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்பார். மைதானத்தில் பிள்ளைகள் 'மூணு' என்றால் ஓடுவார்கள். கருப்பட்டி 'ஒண்ணு'க்கே ஓடியது.

பிறகு 'ராசா'வுக்கே ஓடியது.

ஒரு நாள் அவர் சும்மா கூப்பிட்டார். கையில் பிரஷ் இல்லை, பசை இல்லை. தயிர்ச் சோற்றில் ஒரு கவளம் மிச்சம் வைத்துக்கொண்டு, பழைய நாள் மாதிரி கூப்பிட்டார். அது வாலைக் காலுக்குள் செருகிக்கொண்டு மாட்டுத் தொழுவத்துக்குள் போய்விட்டது.

பாயை ஒட்டிப் படுக்கவும் வரவில்லை. குற்றாலலிங்கம் துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தோம் என்று நினைத்திருந்தார். எதை விடவில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது.

*

அம்மை நந்தவனத்தில் அரளி பறித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இப்பல்லாம் கூப்பிட்டாலே ஓடிருது."

"எப்படிக் கூப்பிடுதீங்க?"

"அன்பாத்தான் கூப்பிடுதேன்."

"அன்பாக் கூப்பிட்டு?"

"புடிச்சு..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். "அதோட நல்லதுக்குத்தானம்மா?"

அம்மை இன்னும் இரண்டு பூவைப் பறித்துக் கூடையில் போட்டார்.

"சரி" என்றார். அவ்வளவுதான்.

குற்றாலலிங்கம் கொஞ்சநேரம் நின்று பார்த்தார். வேறு ஒன்றும் வரவில்லை. உயிர் எங்கே போகிறது என்று கேட்டவனுக்காவது நாலு வாக்கியம் கிடைத்தது என்று மனசுக்குள் முனகிக்கொண்டே திரும்பினார்.

*

அந்த மடத்தில் காலைப் பூசை முடிந்ததும் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். அம்மை திருநீற்றுத் தட்டோடு ஒவ்வொருவராக வருவார். அவரவர் கண்ணை மூடித் தலையைக் குனிய, அம்மை நெற்றியில் பூசிவிடுவார்.

குற்றாலலிங்கத்துக்கு அன்றாடத்தில் இனிப்பான நேரம் அதுதான். வாழ்நாளெல்லாம் மற்றவர்களைக் குனியச் சொன்னவருக்கு, தான் குனிகிற சுகம் இங்கே வந்துதான் கிடைத்தது.

மறுநாள் காலை வழக்கம்போலக் கண்ணை மூடிக் குனிந்தார்.

ஒரு கை அவர் பிடரியைப் பிடித்தது. இரும்புப் பிடி. இன்னொரு கை திருநீற்றை அள்ளி நெற்றியிலும் கண்ணிலும் மூக்கிலுமாக அப்பித் தேய்த்தது.

மூச்சு முட்டியது. என்ன ஏது என்று யோசிக்கு முன்னே, குற்றாலலிங்கத்தின் கை எழுந்து அந்தக் கையைத் தட்டிவிட்டது. அம்மை இடுப்பில் இடுக்கியிருந்த தட்டு கீழே விழுந்து உருண்டது.

குருவின் கையைத் தட்டிவிட்ட சீடனை அந்த மடம் அதுவரை பார்த்ததில்லை.

அம்மை குனிந்து தட்டை எடுத்தார்.

"உங்க நல்லதுக்குத்தான், வாத்தியாரய்யா" என்றார். அடுத்தவரிடம் போய்விட்டார்.

*

அன்று முழுக்க குற்றாலலிங்கத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதலில் கோபம் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. நாளைக்கு முதல் ஆளாகப் போய் நன்றாகக் குனிந்துவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டார்.

முதல் ஆளாகத்தான் போனார். அம்மை எதிரே வந்தார். கை உயர்ந்தது.

குற்றாலலிங்கத்தின் கால் ஓர் அடி பின்னால் போனது.

அவர் போகச் சொல்லவில்லை. அதுவாகப் போனது. தன் காலையே அவர் குனிந்து பார்த்தார், வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல.

அம்மை பின்தொடர்ந்து வரவில்லை. 'வாங்க' என்றும் சொல்லவில்லை. விரலில் திருநீற்றோடு கை அந்தரத்தில் அப்படியே நின்றது.

பின்னால் யாரோ இருமினார்கள். யாரோ கால் மாற்றி நின்றார்கள். அடுக்களையில் பால் பொங்கி வழியும் வாசம் வந்தது. அம்மை அசையவில்லை.

அந்தக் கை தன்னை நோக்கி வரப்போவதில்லை என்று குற்றாலலிங்கத்துக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்தபின் தோள் இறங்கியது. பிறகு மூச்சு இறங்கியது.

பின்னால் போன கால் முன்னால் வந்தது. நெற்றிதான் போய் அந்த விரலைத் தொட்டது.

*

அவர் நேராகத் தொழுவத்துக்குப் போனார்.

மூலையில் கருப்பட்டி படுத்திருந்தது. அவர் கூப்பிடவில்லை. சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையில் கொஞ்சம் பசையைத் தடவி, முழங்கால்மேல் விரித்து வைத்தார். வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அது வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பசுமாடுதான் நாக்கை நீட்டிப் பார்த்தது.

பிறகு ஒரு சாயங்காலம், கையில் ஈரமாக என்னமோ பட்டது. திரும்புவதற்குள் கருப்பட்டி மூலைக்குப் போய்விட்டது. மாஸ்டருக்கு மைதானத்தில் கோப்பை வாங்கியபோதுகூட அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

அப்புறம் நக்கிவிட்டு நின்றது. அப்புறம் கையில் தாடையை வைத்தது. உதட்டைத் தொட்டார், முகத்தைத் திருப்பியது, கையை எடுத்துக்கொண்டார். அது திரும்பி வந்து மறுபடி தாடையை வைத்தது. எடுத்துக்கொண்ட கையிடம்தான் அது திரும்பி வந்தது.

பிரஷை நக்கக் கொடுத்தார். நக்கியது. வாய்க்குள் போகவிடவில்லை.

இதற்குள் ஊரில் பங்குனி உத்திரத்துக்குப் பந்தல்கால் நாட்டிவிட்டார்கள். மேளச் சத்தம் மடம்வரை கேட்டது. அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் விரல்விட்டு நாளை எண்ணினார். ஈறுகளில் இன்னும் ரத்தம் கசிந்துகொண்டுதான் இருந்தது.

அம்மையிடம் போனார்.

"நாளு இல்லம்மா. இந்த ஒரு தடவை அமுக்கிப் புடிச்சுத் தேய்ச்சிரட்டா?"

"உங்க இஷ்டம்."

"அமுக்காம விட்டு, அது செத்துப்போச்சுன்னா?"

எல்லாக் கேள்விக்கும் மடியில் பதில் வைத்திருப்பவர்போல இருக்கும் அந்த முகம் இப்போது அப்படி இல்லை.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு, வாத்தியாரய்யா" என்றார்.

குருவும் பயப்படுகிறார் என்பது என்னவோ குற்றாலலிங்கத்துக்கு ஆறுதலாக இருந்தது. பிரஷை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனார்.

கருப்பட்டி வந்து தாடையை வைத்தது. அவர் மெல்ல உதட்டைத் தூக்கினார். தூக்கவிட்டது. கோரைப்பல்லில் பிரஷை வைத்தார். வைக்கவிட்டது. மேலும் கீழும் இழுத்தார். ஒரு பல் விளங்கியது.

அடுத்த பல்லுக்குப் போனபோது அது முகத்தைத் திருப்பியது.

அவருடைய இடது கை தானாக எழுந்தது. தாடையைப் பிடிக்கப் பாதி வழி போய்விட்டது. இன்னும் ஒரு நிமிஷம் அமுக்கினால் போதும், பாதி வாய் முடிந்துவிடும். மேளம் வேறு அடித்துக்கொண்டிருந்தது.

அவர் அந்தக் கையைத் திருப்பிக் கொண்டுவந்து, தன் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். அதற்கு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

கருப்பட்டி எழுந்து போய்த் தொட்டி ஓரமாக நின்று உடம்பை உதறிக்கொண்டது.

தொழுவத்து வாசலில் நிழல் விழுந்தது. அம்மை நின்றிருந்தார்.

"எத்தனை பல்லு ஆச்சு?"

"ஒண்ணு."

"மிச்சம்?"

"நான் கேட்டுட்டேம்மா. அதுதான் சொல்லணும்."

பசு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

கருப்பட்டி திரும்பியது. அவரைப் பார்த்தது. அம்மையைப் பார்த்தது. மெதுவாக நடந்து வந்து அவர் முன்னால் உட்கார்ந்தது.

"வாத்தியாரய்யா, வந்துட்டு பாருங்க" என்று அம்மை அவசரமாகக் கிசுகிசுத்தார். "பிரஷை எடுங்க."

"இருங்கம்மா" என்றார் குற்றாலலிங்கம். "வந்துதான் இருக்கு. இன்னும் சரின்னு சொல்லல."

அம்மை வாயை மூடிக்கொண்டு, அவர் பக்கத்தில் சாணித் தரையில் உட்கார்ந்தார்.