கிருமி இல்லாத குளம்

நாவல்காட்டுக் குளத்தின் மேட்டுக்கரையில் சித்திரை மாதம் ஒரு டாங்கர் லாரி வந்து நின்றது. அதிலிருந்த எண்ணெய்க் கழிவு முழுவதையும் கரையோரப் பள்ளத்தில் திறந்துவிட்டு, வந்த வழியே போய்விட்டது.

பள்ளம் நிறையக் கறுப்புச் சேறு. நாற்றம் கரை முழுக்கப் பரவியது.

அந்தக் குளத்துக் கோரைப்புல்லில்தான் நீர்க்கோழி வருஷா வருஷம் கூடு கட்டும். ஐப்பசி மழையில் குளம் நிறைந்ததும் முட்டையிடும். மழை பெய்தால் பள்ளம் வழியும். வழிந்தால் எண்ணெய் நேரே குளத்துக்குத்தான் வரும். எண்ணெய் ஒட்டிய இறகோடு எந்தக் குஞ்சும் மிதக்காது, மூழ்கிவிடும். நீர்க்கோழிக்குப் போக வேறு குளமும் கிடையாது.

அது குளச் சீரமைப்புக் குழுவிடம் ஓடியது. அப்படி ஒரு குழு பல வருஷமாக இருந்தது. எதைச் சீரமைத்தது என்று மட்டும் யாருக்கும் தெரியாது. மயில் தலைவர், குரங்கு செயலாளர்.

"தலைவரே, ஐப்பசிக்கு இன்னும் ஆறு மாசந்தான் இருக்கு. அதுக்குள்ள ஏதாவது செய்யுங்க" என்றது நீர்க்கோழி.

"கவலைப்படாதேம்மா. உடனே ஒரு தீர்மானம் போட்டுடுவோம்" என்றது மயில்.

முதல் தீர்மானம் எண்ணெயைக் கண்டித்தது. இரண்டாவது தீர்மானம் வன்மையாகக் கண்டித்தது. எண்ணெய் அசையவில்லை. மூன்றாவது தீர்மானத்தின்படி பள்ளத்தைத் தேக்கிலை போட்டு மூடினார்கள். மறுநாள் ஒரு கவுதாரி அதைத் தரை என்று நினைத்து நடந்து, கழுத்துவரை உள்ளே போனது. கவனமில்லாமல் நடந்த கவுதாரியைக் கண்டித்து நான்காவது தீர்மானம் நிறைவேறியது.

அந்தச் சமயத்தில்தான் காட்டுப்பன்றி அங்கே வந்தது. சாலையோர லாரிப் பட்டறைக்குப் பின்னால் ஒரு சேற்றுக்குழி உண்டு. பல வருஷமாகப் பட்டறை எண்ணெய் ஊறிய மண். பன்றி அதில்தான் தினமும் புரளும். முதுகில் அந்தச் சேறு ஒரு விரல் கனத்துக்கு அப்பியிருக்கும்.

பள்ளத்தைப் பார்த்ததும் பன்றிக்குக் கால் நிற்கவில்லை. இறங்கி ஒரு புரட்டுப் புரண்டது. உடனே அதன் முதுகிலிருந்து ஒரு முணுமுணுப்பு கேட்டது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பேசுகிற மாதிரி இருந்தது.

"அடேயப்பா! இவ்வளவு சாப்பாடா?"

கரையில் நின்ற நீர்க்கோழி அங்குமிங்கும் பார்த்தது. யாரும் இல்லை. "யாருண்ணே பேசறது?" என்று பன்றியைக் கேட்டது.

"நம்ம முதுகுல குடியிருக்கிற கிருமிங்க. கண்ணுக்குத் தெரியாது. பட்டறை எண்ணெயைத் தின்னு வளர்ந்த பசங்க" என்றது பன்றி.

"இந்த எண்ணெயையும் தின்னுடுவீங்களா? மழைக்கு முன்னாடி முடியுமா?" நீர்க்கோழி பன்றியின் முதுகருகே வந்து கேட்டது.

"முடியும். ஆனா மூணு வேணும்" என்றன கிருமிகள். "மூச்சு விடக் காத்து வேணும், அதனால அடிக்கடி கிளறி விடுங்க. ஈரம் காயக்கூடாது. அப்புறம் கொஞ்சம் சாணி."

"சாணி எதுக்கு?"

"வெறும் சோத்தைப் போட்டா எப்படி இறங்கும்? தொட்டுக்க ஒண்ணு வேண்டாமா?"

அன்றே வேலை தொடங்கியது. பன்றி மண்ணையும் வைக்கோலையும் பள்ளத்தில் தள்ளி மூக்கால் கிளறியது. நீர்க்கோழி காட்டெருமைச் சாணத்தைக் கொத்திக்கொண்டுவந்து போட்டது. சிறகை நனைத்து வந்து ஈரம் தெளித்தது. வைகாசி போயிற்று, ஆனி போயிற்று. ஆடியில் நாற்றம் பாதியாகக் குறைந்தது. பள்ளத்தின் ஓரத்தில் கறுப்பு மாறி மண் நிறம் தெரிந்தது. அதைப் பார்த்து நீர்க்கோழி சந்தோஷத்தில் அழுதேவிட்டது.

சேதி குழுவுக்குப் போனது. மயில் நேரில் வந்தது.

"பரவாயில்லையே. நம்ம தீர்மானம் வேலை செய்யுது" என்றது.

"தீர்மானம் இல்லீங்க, கிருமிங்க" என்றது பன்றி.

மயில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டது. "கிருமியா? கிருமியை விட்டா குளத்தைச் சுத்தம் பண்றீங்க? வெளியில தெரிஞ்சா மானம் போயிடும்யா. அதுவும் இந்த நேரத்துல!"

இந்த நேரம் என்றால், கொம்பன் யானை வரப்போகிற நேரம். காடே எழுந்து நின்று வழிவிடும் யானை அது. குளத்தைப் பார்வையிட வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தது. அவ்வளவுதான், ஆறு வருஷமாகத் தூங்கிய குழு ஆறே நாளில் சுறுசுறுப்பாகிவிட்டது.

குரங்கு ஒரு பலகையைத் தேடிப்பிடித்தது. எழுத மை இல்லை. பள்ளத்து எண்ணெயையே தொட்டு, 'கிருமி இல்லாத குளம்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கரையில் நட்டது.

"இன்னொண்ணும் இருக்கு தலைவரே" என்றது குரங்கு. "மனுஷங்க எப்படிச் செய்யறாங்கன்னு நான் பார்த்திருக்கேன். பெரிய ஆள் வந்தா ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் வெள்ளையா பிளீச்சிங் பவுடர் போடுவாங்க. போட்டாத்தான் சுத்தம்னு அர்த்தம். மனுஷங்க தங்கற விடுதியில ஒரு மூட்டை இருக்கு."

"அதைப் போட்டா என்ன ஆகும்?"

"கிருமியெல்லாம் செத்துடும். மூட்டையிலயே படம் போட்டிருக்கு."

"அப்ப நிறையப் போடு" என்றது மயில். பிறகு பன்றியைப் பார்த்தது. "நீ நாளைக்கு இந்தப் பக்கம் வராதே. இனிமே எப்ப வர்றதா இருந்தாலும் குளிச்சுட்டு வா. பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

பன்றி நீர்க்கோழியின் முகத்தைப் பார்த்தது. நீர்க்கோழி ஒரு வார்த்தை பேசவில்லை. குழுவைப் பகைத்துக்கொண்டால் கூடு கட்ட விடமாட்டார்களோ என்று அதற்குப் பயம். பன்றி தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டது.

கொம்பன் வந்தது. கரையெல்லாம் வெள்ளை, பள்ளமும் வெள்ளை. நான்கு முறை தும்மியது. "வெள்ளையா இருக்கு. நல்லா இருக்கு" என்றது. மாலையை வாங்கிக்கொண்டு போய்விட்டது. வந்து போக எடுத்த நேரம் ஒரு கரும்பு தின்னும் நேரம்கூட இல்லை.

கூட்டம் கலைந்ததும் நீர்க்கோழி பள்ளத்தில் காதை வைத்துக் கேட்டது. முணுமுணுப்பு இல்லை. கிளறிப் பார்த்தது. சாணம் போட்டுப் பார்த்தது. மூன்று நாள் கூப்பிட்டுப் பார்த்தது. பாதி எண்ணெய் பாதியாகவே கிடந்தது. நாற்றம் மறுபடி மேலே வந்தது.

"தலைவரே, வேலை செய்யறவங்க எல்லாரையும் கொன்னுட்டீங்களே" என்று நீர்க்கோழி மயிலிடம் போய் அழுதது.

"இரங்கல் தீர்மானம் போட்டுடுவோம்" என்றது மயில்.

நீர்க்கோழி அங்கே நிற்கவில்லை. பட்டறைக்குப் பின்னால் ஓடியது. அங்கே சேற்றுக்குழியே இல்லை. பட்டறைக்காரர்கள் அந்த இடத்தில் சிமெண்ட் தளம் போட்டுவிட்டார்கள். அந்தச் சேறு உலகத்தில் மிச்சமிருந்தது ஒரே இடத்தில்தான். பன்றியின் முதுகில்.

"பன்றியண்ணன் எங்க?" என்று வழியில் ஒரு அணிலைக் கேட்டது.

"ஆத்துக்குப் போறாரு. மூணு நாளா யோசிச்சு, இன்னைக்குக் குளிச்சு மரியாதையா ஆகிடப் போறேன்னு சொன்னாரு."

நீர்க்கோழி பறந்தும் ஓடியும் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தது. பன்றியின் முன்னங்கால் இரண்டும் தண்ணீருக்குள் இருந்தன.

"அண்ணே, குளிக்காதீங்க!"

பன்றி திரும்பிப் பார்த்தது. "குளிக்காம வந்தா அசிங்கம்னு சொன்னாங்க. நீயும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே?"

"இருந்தேன். பயந்துட்டேன், தப்புத்தான். கால்ல விழறேன், அந்த முதுகோட வாங்க."

பன்றி தண்ணீரிலிருந்து ஒரு காலை எடுத்தது. அப்புறம் இன்னொரு காலையும் எடுத்தது.

பவுடரின் காரம் அடங்க எட்டு நாள் வெயில் வேண்டியிருந்தது. அந்த எட்டு நாளும் நீர்க்கோழி பன்றியின் முதுகில் ஈரம் தெளித்துச் சேற்றைக் காயாமல் காப்பாற்றியது. ஒன்பதாம் நாள் பன்றி பள்ளத்தில் இறங்கிப் புரண்டது. மெல்ல ஒரு குரல் கேட்டது.

"பசிக்குது. தொட்டுக்க ஏதாவது இருக்கா?"

ஆவணி, புரட்டாசி இரண்டு மாதமும் மூவரும் ஓய்வில்லாமல் உழைத்தார்கள். புரண்டு புரண்டு பன்றிக்கு முதுகு அரித்தது. அரிப்பு வந்தபோதெல்லாம் கரையில் நட்டிருந்த பலகையில் போய் உரசிக்கொண்டது.

ஐப்பசி மழை கொட்டியது. பள்ளம் நிரம்பி வழிந்தது. நீர்க்கோழி குளத்தோரம் நின்று, வழிந்து வந்த தண்ணீரில் ஒரு காலை மட்டும் நனைத்து எடுத்துப் பார்த்தது. செம்மண் கலங்கல்தான் இருந்தது. வழவழப்பு இல்லை, வாசனை இல்லை. அது நேரே கோரைக்குள் போய்க் கூடு கட்ட உட்கார்ந்தது.

முட்டை பொரிந்து ஐந்து குஞ்சுகள் தண்ணீரில் இறங்கிய அன்று, மயில் பன்றிக்குத் தேக்கிலையால் தைத்த ஒரு பொன்னாடையோடு வந்தது. கிருமிகளுக்கும் ஒன்று கொண்டுவந்திருந்தது.

"எங்களுக்கு வேண்டாங்க. போர்த்தினா மூச்சு முட்டும்" என்றது பள்ளம்.

மயில் கூச்சத்தோடு திரும்பியபோது பலகை கண்ணில் பட்டது. பன்றி உரசிய நடுப்பகுதியில் சேறு ஒட்டி, எண்ணெயில் எழுதிய எழுத்தைக் கிருமிகள் சுத்தமாகத் தின்றிருந்தன. 'இல்லாத' என்ற சொல்லைக் காணோம். இந்தப் பக்கம் 'கிருமி' இருந்தது, அந்தப் பக்கம் 'குளம்' இருந்தது.

பார்ப்பவருக்காகச் செய்யும் சுத்தம், உண்மையில் சுத்தம் செய்கிறவர்களைத்தான் முதலில் அழிக்கும்.